பத்து கோடி வேண்டும்: கடனா, பங்கா?

கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பம்புக்கும் மோட்டாருக்கும் வேண்டிய இரும்பு வார்ப்புகளை ஊற்றித் தரும் தனியார் நிறுவனம் அது. மொத்தப் பங்குகள் 10 லட்சம், எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வருகிறது. இதைச் சுருக்கமாக இயக்க லாபம் என்று சொல்வோம். புதிய மின் உலையும் தானியங்கி மோல்டிங் வரிசையும் அமைக்க 10 கோடி ரூபாய் தேவைப்படுகிறது. அமைத்தால் இயக்க லாபம் 5 கோடியாக உயரும் என்பது குடும்பத்தின் எதிர்பார்ப்பு. அந்தப் பணத்தை வங்கியில் டேர்ம் லோனாக வாங்கலாம், அல்லது வெளி முதலீட்டாளர் ஒருவரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடன் விண்ணப்பங்களுக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலையில் இருப்பதால், இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பலர் முடிவை ஏற்கெனவே மனத்தில் எடுத்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சாராருக்கு, தலைமுறையாக வளர்த்த தொழிலில் அந்நியருக்குப் பங்கு கொடுப்பது வீட்டில் ஓர் அறையை விற்பது போலத் தோன்றுகிறது. மறு சாரார், வங்கிக்கு மாதந்தோறும் வட்டி கட்டி அலுத்துப்போய், பங்காக வரும் பணத்துக்கு வட்டியே இல்லை என்று மகிழ்கிறார்கள். இரு தரப்பின் உணர்வும் எனக்குப் புரிகிறது. ஆனால் எண்களை ஒருமுறை பொறுமையாக எழுதிப் பார்க்காமல் இரண்டில் எதையும் தேர்ந்தெடுப்பது சரியாகாது.

முதலில் கடன். 10 கோடியும் ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் கிடைக்கிறது என்று கொண்டால், முதலாண்டு வட்டி 1 கோடி. இயக்க லாபம் 5 கோடியாக உயர்ந்த ஆண்டில், வட்டி போக 4 கோடி, அதில் சுமார் 25 சதவீதம் வரி போக 3 கோடி நிகர லாபம். பங்கு ஒன்றுக்கு 30 ரூபாய். இனி பங்கு. நிறுவனத்தை 20 கோடிக்கு மதிப்பிட்டு, பங்கு ஒன்று 200 ரூபாய் வீதம் 5 லட்சம் புதிய பங்குகளை முதலீட்டாளர் வாங்குகிறார் என்று கொள்வோம். அதே ஆண்டில் வட்டி இல்லாததால் நிகர லாபம் 3 கோடியே 75 லட்சம். ஆனால் அதை 15 லட்சம் பங்குகள் பகிர்ந்துகொள்வதால் பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய்தான் சேர்கிறது. நல்ல ஆண்டில் கடனே குடும்பத்துக்கு லாபம் என்பது இதனால் தெளிவாகிறது.

சந்தை சரிந்து இயக்க லாபம் ஒன்றரைக் கோடியாகக் குறைந்த ஆண்டில் நிலைமை தலைகீழாகிறது. கடன் வாங்கியிருந்தால் பங்கு ஒன்றுக்கு 3 ரூபாய் 75 காசு. பங்கு விற்றிருந்தால் 7 ரூபாய் 50 காசு. இரண்டு வழிகளும் சமமாகும் புள்ளி எது என்று தேடினால், இயக்க லாபம் 3 கோடி என்று வருகிறது. அப்போது இரண்டிலும் பங்கு ஒன்றுக்கு 15 ரூபாய். இந்த 3 கோடிதான் நிறுவனம் இன்றைக்கே ஈட்டும் லாபம் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டில், புதிய இயந்திரம் கூடுதலாக ஒரு ரூபாயாவது சம்பாதித்துக் கொடுத்தால் கடன் முந்துகிறது. இருப்பதையும் குறைத்துவிடும் அளவுக்குத் தொழில் சரிந்தால் பங்கு முந்துகிறது. ஆகவே குடும்பம் முதலில் பேச வேண்டியது வட்டி விகிதத்தைப் பற்றியன்று. புதிய வரிசைக்கு ஆர்டர் உறுதியாக இருக்கிறதா என்பதைப் பற்றி.

பங்குக்கு வட்டி இல்லை என்ற மகிழ்ச்சியையும் இதே எண்களைக் கொண்டு சோதிக்கலாம். மூன்றில் ஒரு பங்கு வைத்திருக்கும் முதலீட்டாளருக்குரிய லாபம் முதல் நல்ல ஆண்டிலேயே 1 கோடியே 25 லட்சம். அவர் போட்ட 10 கோடிக்கு இது 12.5 சதவீதம். வரிச் சலுகையைக் கழித்தால் வங்கிக் கடனின் செலவு 7.5 சதவீதம்தான். அதோடு, கடன் ஏழாண்டில் தீர்ந்துவிடும், பங்கு தீராது. பத்தாண்டு கழித்து லாபம் இரு மடங்கானால் அவருடைய பங்கு ஆண்டுக்கு இரண்டரைக் கோடியாகிவிடும். அந்தத் தொகை ஈவுத்தொகையாக ரொக்கத்தில் வெளியே போகாமல் நிறுவனத்துக்குள்ளேயே தங்கலாம். ஆனாலும் அது அவருடைய சொத்து. வெளியேறும் நாளில் அதற்கான விலையைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவார். வளரும் என்று உறுதியாக நம்பப்படும் தொழிலில் பங்கு மூலதனத்தைப் போல விலை உயர்ந்த பணம் வேறில்லை.

வரிச் சலுகை என்று சொன்னதை ஒரு வார்த்தை விளக்க வேண்டும். கடனுக்குக் கட்டும் வட்டி, வரி கணக்கிடுவதற்கு முன்பே செலவாகக் கழிக்கப்படுகிறது. ஈவுத்தொகை, வரி கட்டிய பிறகு மிஞ்சும் லாபத்திலிருந்து தரப்படுகிறது. 2019இல் இந்திய அரசு, மற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு வரியைக் கூடுதல் வரிகளும் சேர்த்து 25.168 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு முன்பு 34.944 சதவீதம் வரை கட்டிவந்த பெரிய நிறுவனங்களுக்கு, 1 கோடி வட்டியால் கிடைத்த வரிச் சேமிப்பு ஏறக்குறைய 35 லட்சத்திலிருந்து 25 லட்சமாகச் சுருங்கியது. அந்த அளவுக்குக் கடனின் கவர்ச்சியும் குறைந்தது. நட்டம் வந்த ஆண்டில் இந்தச் சேமிப்பு உடனே கைக்கு வராது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பங்கு ஒன்றுக்கு எவ்வளவு லாபம் என்ற கணக்கு இன்னொன்றையும் மறைக்கிறது. கடனில் வட்டி மட்டுமா கட்ட வேண்டும்? அசலும் திரும்ப வேண்டும். ஏழாண்டுக் கடனில் முதலாண்டு அசலுக்கு விலக்கு கிடைத்தாலும், எஞ்சிய ஆறாண்டும் ஆண்டுக்கு 1 கோடியே 67 லட்சம் அசலாகப் போகும். அசல் திரும்பத் தொடங்கும் ஆண்டில் வட்டியும் சேர்ந்து கட்ட வேண்டியது 2 கோடியே 67 லட்சம். தேய்மானம், அதாவது இயந்திரம் தேய்வதற்காக ஏட்டில் மட்டும் கழிக்கப்பட்டு ரொக்கமாக வெளியே போகாத செலவு, ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி என்று கொண்டால், நல்ல ஆண்டில் நிகர லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டி, இதற்குக் கையில் இருப்பது ஐந்தரைக் கோடி. கட்ட வேண்டியதைப் போல இரு மடங்கு. இயக்க லாபம் ஒன்றரைக் கோடியாகும் ஆண்டில் 2 கோடியே 87 லட்சம் இருக்கும், மயிரிழையில் தப்பலாம். 1 கோடியாகிவிட்டால் கையில் இரண்டரைக் கோடிதான். 17 லட்சம் துண்டு விழும். ஏட்டில் அந்த ஆண்டு நட்டம் ஒரு பைசாவும் இல்லை. ஆனால் தவணை கட்டப் பணம் இல்லை. தொழில்கள் முடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தவணை 90 நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் விதிப்படி அது வாராக்கடன். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், ஈடு பெற்ற வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கடன் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புக்குக் காத்திராமலே சொத்தைக் கையகப்படுத்த வழி தருகிறது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் வந்த பிறகு, தவணை தவறிய நிறுவனத்தின் நிர்வாகமே இயக்குநர்களின் கையை விட்டுப் போகக்கூடும். பங்கு மூலதனத்தில் இப்படி ஒரு தேதி கிடையாது. ஈவுத்தொகை தராத ஆண்டில் முதலீட்டாளர் வருத்தப்படலாம், கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். உலையைப் பூட்டி முத்திரை வைக்க முடியாது. பங்குக்குத் தரும் அதிக விலை, இந்தப் பொறுமைக்குத் தரும் விலை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிறு நிறுவனத்தில் கடனுக்கு இன்னொரு முகம் உண்டு. பிரைவேட் லிமிடெட் என்றால் நட்டம் நிறுவனத்தோடு நின்றுவிடும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. ஆனால் வங்கியில் கையெழுத்துப் போடும்போது இயக்குநர்கள் ஒவ்வொருவரும் சொந்த உத்தரவாதமும் தருகிறார்கள். பெரும்பாலும் குடியிருக்கும் வீடோ ஊரில் உள்ள நிலமோ கூடுதல் ஈடாகப் போகிறது. நிறுவனக் கடனுக்குச் சொந்த உத்தரவாதம் தந்தவர்கள் மீதும் திவால் நடவடிக்கை எடுக்கும் விதிகள் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. அவை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் உறுதி செய்தது. ஆகவே வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லாமல் கையெழுத்திடக் கூடாத ஆவணம் இது. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஈடில்லாக் கடன் கிடைக்க உதவும் கடன் உத்தரவாத நிதியத்தின் வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 5 கோடியிலிருந்து 10 கோடியாக உயர்த்தப்பட்டிருப்பதால், தகுதியுள்ளவர்கள் வீட்டை ஈடு வைப்பதற்கு முன் அந்த வழியை வங்கியிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

கட்டுப்பாடு யாரிடம் இருக்கும் என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில், கடன் கொடுத்தவர் தலையிடமாட்டார், பங்குதாரர் தலையிடுவார் என்பது. இது பாதி உண்மை. வங்கி கடனை அனுமதித்துத் தரும் சாங்ஷன் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் தொகையும் வட்டியும் இருக்கும். அடுத்த பக்கங்களில் நிபந்தனைகள் வரிசையாக வரும். மாதந்தோறும் குறித்த தேதிக்குள் சரக்கிருப்புப் பட்டியல் தர வேண்டும். வங்கியின் அனுமதியில்லாமல் வேறெங்கும் கடன் வாங்கக் கூடாது. தவணை பாக்கி இருக்கும்போது ஈவுத்தொகை தரக் கூடாது. குடும்பத்தார் நிறுவனத்துக்குக் கொடுத்த கைமாற்றைக் கடன் தீரும்வரை திரும்ப எடுக்கக் கூடாது. பங்குடைமையை மாற்றுவதற்கும் முன் அனுமதி வேண்டும். பலர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுகிறார்கள். தொழில் நன்றாக நடக்கும்வரை இந்த நிபந்தனைகள் உறங்கும்; சறுக்கிய மாதத்தில் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும்.

பங்குதாரரின் அதிகாரம் வேறு வகை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற, ஆதரவு வாக்குகள் எதிர் வாக்குகளைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மூன்றில் ஒரு பங்கை விற்றுவிட்ட குடும்பம், அன்றாட முடிவுகளைத் தானே எடுத்துக்கொண்டாலும், நிறுவனத்தின் அமைப்பு விதிகளைத் திருத்துவது போன்ற பெரிய விஷயம் எதையும் அந்த முதலீட்டாளர் தலையசைக்காமல் செய்ய முடியாது. 25 சதவீதத்துக்குச் சற்று மேலே விற்பதற்கும் சற்றுக் கீழே விற்பதற்கும் உள்ள இடைவெளி, எண்ணில் தெரிவதைக் காட்டிலும் மிகப் பெரியது. 10 சதவீதம் வைத்திருப்பவர்கூடச் சிறுபான்மைப் பங்குதாரர் ஒடுக்கப்படுகிறார் என்று தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இவற்றுக்கு மேல் பங்குதாரர் ஒப்பந்தம் ஒன்று இருக்கும். இத்தனை ஆண்டுக்குள் பங்கை விற்றுவிட்டு வெளியேற வழி செய்து தர வேண்டும் என்ற விதி அதில் ஏறக்குறைய தவறாமல் இடம்பெறும். விலையைப் பேசும் அளவுக்கு அந்த விதியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

பொருளியல் அறிஞர்கள் மோடிக்லியானியும் மில்லரும் 1958இல், வரியும் திவால் செலவும் இல்லாத, எல்லாருக்கும் எல்லாத் தகவலும் தெரிந்த சந்தையில், கடனா பங்கா என்பதால் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்று நிறுவினார்கள். வெறும் ஏட்டுக் கணக்காகத் தோன்றும் இது, உண்மையில் எங்கே தேட வேண்டும் என்று காட்டித் தருகிறது: வரி, திவால் செலவு, தகவல் ஏற்றத்தாழ்வு ஆகிய இவைதான் தேர்வைத் தீர்மானிக்கின்றன. முதல் இரண்டையும் மேலே பார்த்தோம். மூன்றாவதை 1984இல் மையர்ஸும் மஜ்லுஃபும் விளக்கினார்கள். நிறுவனத்தின் உள்நிலை உரிமையாளருக்குத் தெரியும், வெளியாருக்குத் தெரியாது. ஆகவே பங்கு விற்க வருபவரைப் பார்த்ததும், விலை அதிகமாக இருக்கும்போது தள்ளிவிடப் பார்க்கிறாரோ என்று வாங்குபவர் ஐயப்பட்டு விலையைக் குறைப்பார். இதனால் நிறுவனங்கள் முதலில் சொந்த லாபத்தையும், பிறகு கடனையும், கடைசியாகவே பங்கையும் நாடுகின்றன. கோவையிலும் திருப்பூரிலும் தொழில் செய்பவர்கள் இந்த வரிசையை எந்த ஆய்வையும் படிக்காமலே கடைப்பிடித்து வருகிறார்கள்.

இந்தியத் தொலைத்தொடர்புத் துறையில் ஒரே காலகட்டத்தில் இரண்டு நிறுவனங்கள் போன பாதைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது, இந்த ஒப்பீட்டுக்கு எனக்குத் தெரிந்ததில் மிகச் சிறந்த பாடம். ஜியோவின் வலைப்பின்னலை அமைக்க ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் பெருமளவு கடன் வாங்கியது. 2020 மார்ச் இறுதியில் அதன் நிகரக் கடன், அதாவது கையிருப்பைக் கழித்த கடன், 1,61,035 கோடி ரூபாய். அந்த ஏப்ரலில் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய்க்கு ஜியோ பிளாட்ஃபார்ம்ஸின் 9.99 சதவீதத்தை வாங்கியது, மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் ஏறக்குறைய கால் பங்கை விற்று 1,15,694 கோடியும், தாய் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கே புதிய பங்கு விற்ற உரிமைப் பங்கு வெளியீட்டில் 53,124 கோடியும் திரட்டி, நிகரக் கடன் தீர்ந்தது என்று நிறுவனம் அறிவித்தது. வலைப்பின்னல் எழும்பும் காலத்தில், தன்னிடம் இருந்த சுத்திகரிப்புத் தொழிலின் ரொக்கத்தை நம்பிக் கடன் வாங்கியது. சந்தாதாரர்கள் குவிந்து மதிப்பு ஏறிய பிறகு பங்கை விற்றது. ஆரம்பத்திலேயே விற்றிருந்தால் அதே தொகைக்கு இன்னும் பெரிய பங்கைத் தர நேர்ந்திருக்கும். கடனைத் தீர்த்த கையோடு அது நின்றுவிடவும் இல்லை: 2022 ஜனவரியில் வெளிநாட்டுச் சந்தையில் 400 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, அதில் ஒரு பகுதி 40 ஆண்டு தவணை கொண்டது.

வோடஃபோன் ஐடியாவின் கதை எதிர்த்திசையில் போனது. 2018 ஆகஸ்டில் இணைந்து உருவான அந்த நிறுவனம், 2019இல் பங்கு ஒன்று 12 ரூபாய் 50 காசு வீதம் 25,000 கோடி ரூபாய் உரிமைப் பங்கு வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், உரிமக் கட்டணத்துக்கான வருவாயைக் கணக்கிடும் முறை பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அரசுக்குத் தர வேண்டிய பாக்கி பூதாகரமாக வளர்ந்தது. அதைக் கட்ட முடியாத நிலையில் 2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் பாக்கி, பங்கு ஒன்று 10 ரூபாய் வீதம் அரசின் பங்காக மாறியது. 2025 ஏப்ரலில் மேலும் 36,950 கோடி அதே விலையில் மாறி, அரசின் பங்கு ஏறக்குறைய 49 சதவீதமானது. தானாக விற்காத பங்கைக் கடன் எடுத்துக்கொண்டது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். கட்ட முடியாத கடன் என்பது விலையும் நேரமும் நம் கையில் இல்லாத பங்கு விற்பனை. கட்டுப்பாட்டை இழக்கக் கூடாது என்பதற்காகவே கடனைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக் கடனிலிருந்து மாறிய பங்கு, கடன் கொடுத்தவருக்கும் எப்போதும் பயன்படுவதில்லை. 2011இல் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸின் கடனில் ஒரு பகுதியை வங்கிகள் பங்கு ஒன்று 64 ரூபாய் 48 காசு என்ற விலையில், அன்றைய சந்தை விலையைவிட மிக அதிகமாகக் கொடுத்து, பங்காக மாற்றிக்கொண்டன. 2012 அக்டோபரில் அதன் விமானங்கள் பறப்பது நின்றுபோனது.

மென்பொருள் நிறுவனங்களுக்கு இந்தத் தேர்வே வேறு வடிவில் வருகிறது. அவற்றுக்கு ஈடு வைக்க உலையும் இல்லை, நிலமும் இல்லை. தொடக்க ஆண்டுகளில் லாபமும் இராது. வங்கிக் கடன் என்ற வழி பெரும்பாலும் அடைபட்டிருப்பதால், பங்கு அல்லது சொந்த வருவாய் என்ற இரண்டுதான் மிஞ்சும். சென்னையிலேயே இரண்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 1996இல் தொடங்கிய ஜோஹோ வெளி முதலீட்டாளர் எவரையும் சேர்க்காமல், வந்த லாபத்தைக் கொண்டே வளர்ந்தது. 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீட்டாளர்களின் பணத்தில் வேகமாக வளர்ந்து, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பங்கு ஒன்று 36 டாலர் வீதம் விற்று 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. இரண்டையும் நான் மதிக்கிறேன். யாருக்கு எவ்வளவு அவசரம், யார் எதைத் தன் கையிலேயே வைத்திருக்க விரும்பினார்கள் என்பதில்தான் வேறுபாடு.

இனி பவுண்டரிக்குத் திரும்பலாம். இதுவரை ஒப்பீட்டுக்காகத்தான் 10 கோடியும் கடனாகக் கிடைக்கும் என்று கொண்டோம். நடைமுறையில் வங்கி திட்டச் செலவில் கால் பங்கையாவது உரிமையாளரின் சொந்தப் பணமாக எதிர்பார்க்கும். ஆகவே கலந்து எடுப்பதுதான் இயல்பு; எந்த விகிதத்தில் கலப்பது என்பதே உண்மையான கேள்வி. 6 கோடி கடனும் 4 கோடி பங்குமாகப் பிரித்தால் என்ன ஆகும்? நல்ல ஆண்டில் பங்கு ஒன்றுக்கு 27 ரூபாய் 50 காசு. முழுக் கடனைவிடச் சற்றுக் குறைவு, முழுப் பங்கைவிட அதிகம். இயக்க லாபம் 1 கோடியாக விழுந்த ஆண்டில் கட்ட வேண்டிய தவணை 1 கோடியே 60 லட்சம், கையில் இருப்பது 2 கோடியே 40 லட்சம். முன்பு 17 லட்சம் துண்டு விழுந்த இடத்தில் இப்போது 80 லட்சம் மிச்சம். புதிய முதலீட்டாளரின் பங்கு 16.67 சதவீதம், தனியாக நின்று சிறப்புத் தீர்மானத்தைத் தடுக்கும் அளவுக்கு அவர் கை நீளாது. அந்த 4 கோடியைக் குடும்பத்தின் கிளைகளே உரிமைப் பங்காகப் போட முடிந்தால் அந்தக் கவலையும் இல்லை.

இந்த விகிதத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், இது நடுவில் இருப்பது அன்று. மோசமான ஆண்டு எவ்வளவு மோசமாகலாம் என்று முதலில் எழுதி, அந்த ஆண்டிலும் தவறாமல் கட்டக்கூடிய தவணை எவ்வளவு என்று கண்டு, அந்தத் தவணை தாங்கும் அளவுக்கு மட்டும் கடனை நிறுத்தினால் கிடைக்கும் விகிதம் இது. ஆர்டர் கைவசம் உள்ள, வாடிக்கையாளர்கள் பலராகப் பிரிந்திருக்கும் நிறுவனத்துக்குக் கடன் 7 கோடியாகலாம். ஒரே ஒரு பம்பு நிறுவனத்தை நம்பி இயந்திரம் வாங்குபவருக்கு 4 கோடியே அதிகம். ஆகவே இந்தக் குடும்பம் வங்கி மேலாளரையோ முதலீட்டாளரையோ பார்க்கும் முன், கடந்த பத்தாண்டு வரவு செலவுக் கணக்கை எடுத்து, அதில் மிகக் குறைந்த இயக்க லாபம் வந்த ஆண்டையும், அந்த ஆண்டில் வாடிக்கையாளர்கள் பணம் தர எத்தனை நாள் இழுத்தடித்தார்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.